தட்டைக் கேட்காமல் எழுதப்படும் கால்சியம்

கொச்சி நகரத்திற்கும் வைப்பின் தீவிற்கும் இடையே, வேம்பநாட்டுக் காயல் கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிக் கிடக்கிறது வல்லார்பாடம். 2004இல் கோஸ்ரீ பாலங்கள் வரும்வரை படகே இத்தீவின் வழி. 2011இல் பன்னாட்டுச் சரக்குப் பெட்டக முனையம் இங்கே திறக்கப்பட்டது. அதற்கெல்லாம் முன்பிருந்தே காயலை நம்பி வாழ்ந்த நிலம் இது. மீனும் இறாலும் மட்டியும் தந்த அதே காயல் சுண்ணாம்பையும் தந்தது. வேம்பநாட்டின் அடியில் காலங்காலமாகப் படிந்த கிளிஞ்சல்களைத் தோண்டியெடுத்துச் சூளைகளில் நீற்றினார்கள். கோட்டயத்தை அடுத்த நாட்டகத்தில் இயங்கிய திருவாங்கூர் சிமெண்ட்ஸ் ஆலைக்கும் இந்தக் கிளிஞ்சலே மூலப்பொருளாயிற்று.

கிளிஞ்சலின் வேதிப்பெயர் கால்சியம் கார்பனேட். மருந்துக் கடைகளில் அதிகம் விற்கும் கால்சியம் மாத்திரைகளின் பெயரும் அதுவே. இந்தியாவில் வீட்டுக்கு வீடு அறிமுகமான ஒரு மாத்திரை, சிப்பி ஓட்டிலிருந்து எடுத்த கால்சியம் என்றே தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டது. ஓட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதன் பெயரிலேயே இருக்கிறது. சுவருக்குப் பூசிய பொருள், நாற்பதைக் கடந்த பெண்களின் அன்றாட மாத்திரையாகிவிட்டது. மூட்டு வலியா, முதுகு வலியா, மாதவிடாய் நின்றுவிட்டதா, முடி உதிர்கிறதா, எதற்கும் சீட்டின் கடைசி வரியில் கால்சியம் இடம்பெறுகிறது. எழுதுபவர் எத்தனை நாளைக்கு என்று குறிப்பது அரிது. வாங்குபவர் எத்தனை நாளாக விழுங்குகிறோம் என்று எண்ணுவதும் அரிது.

இன்னொரு பக்கம், அதே மாத்திரை மாரடைப்பைக் கொண்டுவரும் என்ற செய்தி கைப்பேசி வழியாகப் பரவுகிறது. அதை நம்பிக் கர்ப்பிணி ஒருத்தி மாத்திரையைக் குப்பையில் போட்டாலும் வியப்பில்லை. இடுப்பெலும்பு முறிவுக்கு அஞ்சி மாத்திரையை விடாதவர்களும், இதயத்திற்கு அஞ்சி அதைத் தொடாதவர்களும் ஒரே தெருவில் வாழ்கிறார்கள். இரு சாராரும் ஆய்வுகளையே சான்று காட்டுகிறார்கள். அந்த ஆய்வுகள் யாரிடம் செய்யப்பட்டன, அவர்கள் அன்றாடம் என்ன உண்டார்கள் என்ற கேள்வியை மட்டும் இரு சாராரும் கேட்பதில்லை. கால்சியம் பற்றிய விவாதம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் தொங்குகிறது.

முதலில் உடலின் கணக்கு. வளர்ந்த மனித உடலில் ஏறத்தாழ ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் உறைந்திருக்கிறது. எஞ்சிய ஒரு சதவீதம் இரத்தத்திலும் உயிரணுக்களிலும் இயங்கித் தசையைச் சுருக்குகிறது, நரம்புச் செய்தியைக் கடத்துகிறது, இரத்தத்தை உறையவைக்கிறது, இதயத் துடிப்பை ஒழுங்கில் வைக்கிறது. இந்தச் சிறுபங்கின் அளவு சற்றே பிறழ்ந்தாலும் உயிருக்கே ஊறு. ஆகவே உணவில் வருவது குறைந்தால் பாராதைராய்டு சுரப்பி விழித்துக்கொண்டு எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்திற்குக் கொடுக்கிறது. இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருக்கிறது என்று வரும் சீட்டு, எலும்பு சரியாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. பெட்டகத்தை உடைத்துக் கைச்செலவை ஈடுகட்டிக்கொண்டிருக்கும் வீட்டிலும் சட்டைப்பையில் பணம் இருக்கத்தான் செய்யும்.

இந்தப் பெட்டகம் நிரம்புவது முப்பது வயதை ஒட்டிய காலம்வரை. பிறகு மெல்லக் கரைகிறது. மாதவிடாய் நின்ற சில ஆண்டுகளில் விரைந்து கரைகிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் மாதவிடாய் நின்ற, நடமாடும் நிலையிலுள்ள புறநகர்ப் பெண்களைப் பரிசோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழப் பாதிப்பேருக்கு முதுகெலும்பிலோ இடுப்பிலோ எலும்புப்புரை காணப்பட்டது. திருப்பதியில் சி. வி. ஹரிநாராயண் குழுவினர் செய்து 2007இல் வெளிவந்த ஆய்வு, நலமாகத் தோன்றும் தென்னிந்தியரிடம் மூன்று குறைகள் ஒன்றாக நிற்பதைக் காட்டியது. உணவில் கால்சியம் குறைவு. தானியங்களிலுள்ள, கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் மிகுதி. வெயில் காயும் நாட்டிலும் வைட்டமின் டி பற்றாக்குறை. கேரளத்திற்கு இதில் தனிக் கவலை உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அறுபது வயதைக் கடந்தோரின் விகிதம் இந்திய மாநிலங்களிலேயே கேரளத்தில்தான் அதிகம்; 12 சதவீதத்திற்கும் மேல். முதியோர் மிகுந்த மாநிலமே இதய நோயிலும் முன்னிற்கிறது. 2007 முதல் 2009 வரை கேரளத்தின் 125 மருத்துவமனைகளில் திரட்டப்பட்ட பதிவேட்டில் திடீர் இதயத் தமனி நோயோடு சேர்க்கப்பட்டவர்கள் இருபத்தையாயிரத்திற்கும் மேற்பட்டோர். எலும்பா இதயமா என்ற வினா இம்மண்ணில் ஏட்டு வினாவாக இருக்க இயலாது.

இனி உலகளாவிய சான்றுகள். 1992இல் பிரான்சில் வெளியான ஆய்வு கால்சியத்தின் பெருமைக்கு அடித்தளமிட்டது. முதியோர் இல்லங்களில் வாழ்ந்த, சராசரியாக 84 வயதான 3,270 பெண்களில் ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 1,200 மில்லிகிராம் கால்சியமும் 800 அலகு வைட்டமின் டியும் தரப்பட்டன. பதினெட்டு மாதங்களில், மாத்திரையைத் தொடர்ந்து உட்கொண்டவர்களிடையே இடுப்பெலும்பு முறிவு 43 சதவீதம் குறைந்தது. மறுக்கவியலாத பயன் இது. ஆனால் அந்தப் பெண்கள் வெயில் காணாதவர்கள். உணவில் அவர்களுக்குக் கிடைத்த கால்சியம் 500 மில்லிகிராமை ஒட்டியே இருந்தது.

2006இல் அமெரிக்காவின் மகளிர் நல முன்னெடுப்பு ஆய்வின் முடிவு வந்தபோது காட்சி மாறியது. 36,282 பெண்கள், 1,000 மில்லிகிராம் கால்சியம், 400 அலகு வைட்டமின் டி, ஏழு ஆண்டுகள். இடுப்பு முறிவு 12 சதவீதம் குறைந்ததாகத் தெரிந்தாலும் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்பதே புள்ளியியலின் தீர்ப்பு. சிறுநீரகக் கல்லோ 17 சதவீதம் கூடியது. இதில் ஐயத்திற்கு இடமில்லை. மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது இடுப்பு முறிவு 29 சதவீதம் குறைந்திருந்தது. எனினும் ஒழுங்காக மருந்து உண்பவர்கள் பிறவற்றிலும் ஒழுங்கானவர்களாக இருப்பார்கள் என்பதால், அந்த எண்ணை எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும். இங்கே கவனிக்கத்தக்கது வேறொன்று. ஆய்வில் சேர்ந்தபோதே அப்பெண்கள் உணவிலும் சொந்த மாத்திரையிலுமாக நாளொன்றுக்குச் சராசரியாக 1,100 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் பெற்றுக்கொண்டிருந்தார்கள். நிறைந்த குடத்தில் ஊற்றிய நீர் வழிந்தது. அதைக் கண்டு நீரால் பயனில்லை என்று முடிவுகட்டுவது குடத்தைப் பாராதவர் செய்யும் முடிவு.

இதய அச்சம் நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து புறப்பட்டது. மார்க் பாலண்டு, இயன் ரீடு ஆகியோரின் குழு எலும்பு முறிவைப் பற்றி அறியவே 1,471 பெண்களிடம் கால்சியத்தைச் சோதித்தது. 2008இல் வெளியிட்ட முடிவில், மாத்திரை உண்டவர்களிடம் மாரடைப்பு மிகுதியாகத் தெரிந்தது. 2010இல் ஏறத்தாழ 12,000 பேர் அடங்கிய பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, வைட்டமின் டி சேராத கால்சியம் மாத்திரையால் மாரடைப்பு ஏறத்தாழ 30 சதவீதம் கூடுவதாக அக்குழு கணித்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க மகளிர் ஆய்வின் தரவுகளையும் சேர்த்து அவர்கள் தந்த கணக்கு இன்னும் கூர்மையானது. 1,000 பேருக்கு ஐந்தாண்டு மாத்திரை கொடுத்தால் மூன்று எலும்பு முறிவுகள் தவிரும். ஆறு மாரடைப்போ பக்கவாதமோ கூடுதலாக நேரும்.

இக்கணக்கிற்கு வலுவான மறுப்புகளும் உண்டு. அந்த ஆய்வுகள் எவையும் மாரடைப்பை அளப்பதற்காகத் திட்டமிடப்பட்டவை அல்ல. 2015இல் 63,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்த வேறொரு குழு, வயது முதிர்ந்த பெண்களிடம் இதயத் தமனி நோய் கூடுவதற்குச் சான்றில்லை என்று கண்டது. 2016இல் அமெரிக்காவின் தேசிய எலும்புப்புரை அறக்கட்டளையும் நோய்த்தடுப்பு இதயவியல் கழகமும் கூடி, மேல்வரம்பைத் தாண்டாத கால்சியம் நலமானவர்களின் இதயத்திற்கு நன்மையும் செய்வதில்லை, தீமையும் செய்வதில்லை என்று அறிவித்தன. அதே 2016இல் வந்த மற்றோர் ஆய்வு இந்த அமைதியைக் குலைத்தது. பல இனத்தவர் அடங்கிய 2,700க்கும் மேற்பட்ட அமெரிக்கரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து நோக்கியதில், மொத்தக் கால்சியம் மிகுதியாகப் பெற்றவர்களுக்கு இதயத் தமனியில் சுண்ணம் படியும் வாய்ப்பு குறைவாகவும், மாத்திரை உண்பவர்களுக்கு அவ்வாய்ப்பு 22 சதவீதம் கூடுதலாகவும் இருந்தன. நோக்கிப் பார்த்த ஆய்வு காரணத்தை நிறுவாது. ஆயினும் உணவில் வரும் கால்சியத்தையும் மாத்திரையில் வரும் கால்சியத்தையும் உடல் ஒன்றுபோல் நடத்துவதில்லையோ என்ற ஐயத்திற்கு அது இடம் தருகிறது.

ஐயத்திற்கு உடலியல் அடிப்படை உண்டு. தயிரிலும் கீரையிலும் உள்ள கால்சியம் புரதத்தோடும் நாரோடும் கலந்து, மணிக்கணக்கில் சிறிது சிறிதாகக் குடலிலிருந்து ஏறுகிறது. 1,000 மில்லிகிராமை ஒரே மூச்சில் விழுங்கினால் இரத்தத்தின் கால்சியம் சில மணி நேரத்திற்குச் சற்றே உயர்ந்து நிற்கிறது. தமனிச் சுவரில் படியும் சுண்ணம் எலும்பிலுள்ள கனிமத்தையே ஒத்தது. நாள்தோறும் பல்லாண்டுகள் நிகழும் இந்தச் சிறு ஏற்றம் தமனியைத் தொடுமா என்பதே அறிவியலாளரின் வினா. சிறுநீரகம் பழுதுபட்டவர்களிடம் ஐயம் வலுக்கிறது. பாஸ்பேட்டைப் பிடிக்கக் கால்சியம் மாத்திரை தரும் வழக்கத்தைக் கட்டுப்படுத்தும்படி 2017ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டுதல் அறிவுறுத்தியதும் அதனால்தான்.

எலும்பின் பக்கத்திலும் பயனை மிகைப்படுத்தக் கூடாது. 2015இல் தொகுக்கப்பட்ட ஆய்வுகளின்படி, உணவாயினும் மாத்திரையாயினும் கால்சியத்தைக் கூட்டுவதால் எலும்பு அடர்த்தி ஒன்றிரண்டு சதவீதம் உயர்ந்து அங்கேயே நின்றுவிடுகிறது, ஆண்டுதோறும் ஏறுவதில்லை. 2018இல் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு, வீட்டில் நலமாக வாழும், மாதவிடாய் நின்ற பெண்கள் எலும்பு முறிவைத் தடுக்கவென்று 1,000 மில்லிகிராம் வரையிலான கால்சியத்தையும் 400 அலகு வரையிலான வைட்டமின் டியையும் அன்றாடம் உண்ண வேண்டாம் என்று பரிந்துரைத்தது. எலும்புப்புரை உறுதிப்பட்டவர்களுக்கும் ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்களுக்கும் அப்பரிந்துரை பொருந்தாது. அவர்களுக்குத் தரப்படும் வலிமையான எலும்பு மருந்துகள் கால்சியமும் வைட்டமின் டியும் உடன்கொடுத்தே சோதிக்கப்பட்டவை. ஆனால் கால்சியம் மட்டுமே எலும்புப்புரைக்கு மருத்துவம் என்று எண்ணி, உண்மையான மருந்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதும் நடக்கிறது. மாத்திரை தரும் நிம்மதியே அங்கே தீங்காகிறது.

இவ்வளவையும் வல்லார்பாடத்திற்குக் கொண்டுவரும்போது முதல் தடை எதிர்ப்படுகிறது. ஆக்லாந்துப் பெண்கள் உணவிலேயே 850 மில்லிகிராமை ஒட்டிப் பெற்றவர்கள். அமெரிக்கப் பெண்கள் அதனினும் மேல். 2017இல் 74 நாடுகளின் தரவுகளைத் தொகுத்தபோது நாளொன்றுக்கான கால்சியம் நேபாளத்தில் 175 மில்லிகிராமாகவும் ஐஸ்லாந்தில் 1,233 ஆகவும் இருந்தது. ஆசியாவின் பல நாடுகள் 500க்குக் கீழே நின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வளர்ந்தோருக்கான பரிந்துரையை 600இலிருந்து 1,000 மில்லிகிராமாக உயர்த்தின. பரிந்துரை ஏறியது, தட்டு ஏறவில்லை.

ஒரு தட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மூன்று வேளைக்கு 300 கிராம் அரிசி. அதில் கால்சியம் 30 மில்லிகிராமைத் தாண்டாது. மூன்று தேநீருக்கு 150 மில்லி பால், ஏறத்தாழ 180. சிறிது பருப்பு, 30. காய்கறி இருநூறு கிராம், 60 முதல் 80. ஆக 300 சொச்சம். மீன் நாள்தோறும் உண்டே என்று தீவில் கேட்பார்கள். மீனின் கால்சியம் முள்ளில் இருக்கிறது, சதையில் மிகச் சிறிதே. குடம்புளியிட்ட குழம்பில் பெருமீனின் துண்டத்தைத் தின்று முள்ளை ஒதுக்கினால் கால்சியம் பூனைக்குப் போய்ச்சேரும். முழுதாக மென்று தின்னும் நெத்திலியும், முள் கரையும்வரை வேகும் சிறு மத்தியும் வேறு வகை. மீனவர் வீட்டிலேயே பெருமீன் விலைக்கும் சிறுமீன் தட்டுக்கும் போன காலத்தில் அந்த வீட்டுப் பெண்களின் எலும்பிற்குக் கிடைத்த காப்பு, சிறுமீனை இழிவாகக் கருதத் தொடங்கினால் கிடைக்காது. கொச்சியிலேயே இயங்கும் மத்திய மீன்தொழில்நுட்ப நிறுவனம், ஆலைகளில் கழிவாகும் மீன் முள்ளிலிருந்து கால்சியம் பிரிக்கும் முறைகளை ஆராய்ந்திருக்கிறது. மூளையும் மூலப்பொருளும் அருகிலேயே இருக்கும் ஊரில், தட்டிலிருந்து ஒதுக்கிய முள் மாத்திரையாகித் திரும்பி வரும் வாய்ப்பும் இருக்கிறது என்பது சற்றே வேடிக்கையானதுதான்.

அந்த 300ஐ மாத்திரையின்றி உயர்த்த இயலுமா? ஐம்பது கிராம் கேழ்வரகு 180 தரும். ஒரு கிண்ணம் தயிர் மேலும் 180. ஒரு கைப்பிடிக்குச் சற்றுக் கூடுதலான முருங்கைக் கீரை 150. மூன்றும் சேர்ந்தால் தட்டு 800ஐ எட்டுகிறது. சராசரித் தேவை என்று தேசிய நிறுவனம் மதிப்பிடும் அளவு அதுதான். எள்ளில் நூறு கிராமுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் உண்டு; ஆனால் எள்ளுருண்டையை நூறு கிராம் யாரும் அன்றாடம் தின்பதில்லை. பசலையில் கால்சியம் இருந்தாலும் ஆக்சலேட்டு அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். பால் செரிக்காதவர்கள் தென்னிந்தியரில் பலர். அவர்களுக்குத் தயிரும் மோரும் வழி. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பே பாட்டிமார்களின் எலும்பைக் காத்தது என்ற பேச்சும் உண்டு. பாக்கோடு சேர்ந்த வெற்றிலையைப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வரிசையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வைத்திருப்பதை மறந்து பேசும் பேச்சு அது.

உணவு வழியின் வலிமையைக் காட்ட 2021இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சான்று வந்தது. அறுபது முதியோர் இல்லங்களின் 7,000க்கும் மேற்பட்டவர்களில் பாதி இல்லத்தவருக்குப் பாலும் தயிரும் பாலாடைக்கட்டியும் கூட்டப்பட்டன. கால்சியம் 700இலிருந்து 1,100க்கு மேல் உயர்ந்தது. எலும்பு முறிவுகள் 33 சதவீதமும் இடுப்பு முறிவு 46 சதவீதமும் குறைந்தன. அங்கே புரதமும் கூடியதால் வெற்றி முழுவதையும் கால்சியத்தின் கணக்கில் எழுத இயலாது. உணவின் சிறப்பே அதுதான்; அது ஒற்றைச் சத்தாக வருவதில்லை.

அப்படியானால் மாத்திரையைக் கைவிடலாமா? கூடாது என்பதற்கு மிகத் தெளிவான இடம் கர்ப்பிணிகளின் மருத்துவம். கால்சியம் குறைந்த உணவுண்ணும் பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் கால்சியம் தந்தால் இரத்த அழுத்தம் ஏறி வலிப்புவரை செல்லும் பேராபத்து குறைகிறது. இந்திய அரசு 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 14ஆம் வாரம் தொடங்கிப் பிள்ளை பெற்ற ஆறு மாதம்வரை நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு எனப் பணிக்கிறது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தினர் பங்கேற்று 2024இல் வெளியான இரட்டை ஆய்வு இதை மேலும் எளிதாக்கியது. பெங்களூருவில் 11,000 பேர், தான்சானியாவின் தார் எஸ் சலாமில் 11,000 பேர். நாளொன்றுக்கு 500 மில்லிகிராம், உலக சுகாதார நிறுவனம் சொன்ன 1,500க்குச் சற்றும் குறைவின்றிக் காத்தது. இந்தியப் பகுதியில் அந்நோய் கண்டவர்கள் முறையே 3.0, 3.6 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு அளவே போதுமென்றால் செலவும் குறையும், விழுங்கும் சுமையும் குறையும். இதய அச்சத்தின் பெயரால் இந்த மாத்திரையைத் தூக்கியெறியும் கர்ப்பிணி, வயது முதிர்ந்த நியூசிலாந்துப் பெண்ணின் ஆபத்தைத் தன் வயிற்றில் சுமக்கிறாள். நைஜீரியக் குழந்தைகளும் இதற்குச் சான்று. நாளொன்றுக்கு 200 மில்லிகிராமே உணவில் பெற்று எலும்பு வளைந்த அக்குழந்தைகளை, வைட்டமின் டியை மட்டும் கொடுப்பதைவிடக் கால்சியம் சேர்த்துக் கொடுத்ததே நன்கு குணப்படுத்தியது என்று 1999இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆகவே மாத்திரை நல்லதா கெட்டதா என்ற வினாவே பிழையாக வைக்கப்பட்டது. 300 மில்லிகிராம் உண்ணும் பெண்ணுக்கு 500 கொடுப்பது பற்றாக்குறையை நிரப்புவது. 1,100 உண்ணும் பெண்ணுக்கு 1,000 கொடுப்பது மிகையைச் சுமத்துவது. இரண்டு சீட்டுகளிலும் ஒரே பெயர் எழுதப்பட்டிருப்பதால் இரண்டும் ஒரே மருத்துவம் ஆகிவிடாது. முதலாமவளுக்கு இரண்டாமவளின் ஆய்வைக் காட்டி அச்சமூட்டுவது தவறு. இரண்டாமவளுக்கு முதலாமவளின் குறையைக் காட்டி மாத்திரை விற்பதும் தவறு. இந்திய நகரங்களில் நடக்கும் எலும்பு அடர்த்தி முகாம்கள் இந்த இரண்டாவது தவற்றிற்குத் துணைபோகின்றன. குதிகாலில் ஒலியலை வைத்துப் பார்க்கும் கருவி எலும்புப்புரையை உறுதிசெய்யும் கருவியன்று. அதற்கு இடுப்பையும் முதுகெலும்பையும் அளக்கும் ஊடுகதிர்ச் சோதனை வேண்டும். குதிகாலின் எண்ணைக் கண்டு கலங்கியவர், என்ன உண்கிறீர்கள் என்று யாரும் கேளாமலே மாத்திரையோடு வீடு திரும்புகிறார்.

மாத்திரை தேவைப்படுவோர்க்கும் முறை உண்டு. 1,250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டில் உள்ள கால்சியம் 500 மட்டுமே. அட்டையில் எந்த எண் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு வேளைக்கு 500க்கு மேல் குடல் திறம்பட ஏற்பதில்லை. கார்பனேட்டை உணவோடு உண்ண வேண்டும், அது கரைய இரைப்பை அமிலம் தேவை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நாள்தோறும் உண்பவர்களுக்குச் சிட்ரேட்டு வடிவம் ஏற்றது. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரும்பை அது தடுக்கும். இரத்தசோகை மிகுந்த நாட்டில் இது சிறு பிழையன்று. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சிறுநீரகக் கல் வந்தவர், சிறுநீரகம் பழுதுபட்டவர், இதயத் தமனி அடைப்புள்ளவர் ஆகியோர் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கலாகாது. சிப்பி ஓட்டிலிருந்து வந்ததால் இயற்கையானது, இயற்கையானதால் தீங்கற்றது என்ற வாதமும் நில்லாது. 2000இல் அமெரிக்காவில் கடைகளில் கிடைத்த 21 கால்சியம் மாத்திரை வகைகளைச் சோதித்தபோது எட்டில் அளவிடத்தக்க ஈயம் இருந்தது. ஓடு கிடந்த நீரின் தூய்மையே ஓட்டின் தூய்மை. ஆலைகளும் துறைமுகமும் சூழ்ந்த காயலோரத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எலும்பு முறிவு எலும்பால் மட்டும் நேர்வதும் அன்று. விழுந்தால்தான் பெரும்பாலும் இடுப்பு முறிகிறது. வழுக்கும் குளியலறை, மங்கிய கண், தூக்க மாத்திரை, நடையிழந்த கால், இவை ஒவ்வொன்றும் கால்சியக் குறையளவு ஆபத்தானவை. கண்புரை அறுவையும் குளியலறைக் கைப்பிடியும் எந்த மருந்துக் கடையிலும் பட்டியலிடப்படுவதில்லை. ஆகவே அவற்றைப் பற்றிய முகாம்களும் நடப்பதில்லை.

மருத்துவக் கல்லூரிகளும் செவிலியர் பயிற்சி நிலையங்களும் உடனே செய்யக்கூடிய மாற்றம் ஒன்று உண்டு. அதற்குப் பணம் தேவையில்லை. கால்சியம் எழுதும் ஒவ்வொரு சீட்டிலும் மூன்று செய்திகள் இடம்பெறட்டும். இவர் உணவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ எவ்வளவு பெறுகிறார், எக்காரணத்திற்காக இது தரப்படுகிறது, எந்நாள்வரை. முதல் செய்திக்கு ஐந்து கேள்விகள் போதும்: பால் எத்தனை குவளை, தயிர் உண்டா, கேழ்வரகு உண்டா, கீரை வாரத்தில் எத்தனை நாள், மீனின் முள்ளைத் தின்பதா துப்புவதா. கடைசிக் கேள்வியைச் சென்னையிலோ தில்லியிலோ அச்சிடும் படிவம் கேட்காது. வல்லார்பாடத்தில் நின்று எழுதப்படும் படிவம் கேட்டாக வேண்டும். அக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளை ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஐந்தாண்டுகள் திரட்டி வைத்தாலே, குறைந்த கால்சியம் உண்ணும் மக்களிடம் மாத்திரை எலும்புக்கும் இதயத்திற்கும் என்ன செய்கிறது என்பதை ஆக்லாந்தைக் கேட்காமல் அறியும் வழி திறக்கும். அதுவரை கணக்கிட்ட குறைக்குக் கணக்கிட்ட அளவு, குறையில்லாதவர்க்கு உணவும் நடையும் வெயிலும் என்பதே சான்றுகள் தாங்கும் அளவிலான அறிவுரை. அதற்கு மேல் எழுதப்படும் ஒவ்வொரு மாத்திரைக்கும், எழுதியவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர்.